மலையேற்றமும் எஞ்சினின் மூச்சும்

மலைநாடு என்றதும் தேயிலையும் பனியும் நினைவுக்கு வருவது இயல்பு. அதே மலைநாட்டிலே மோட்டார் எஞ்சினின் வலுவைக் கூட்டும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைக் குறித்தே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

நுவரெலியா நகரையடுத்த மாகஸ்தோட்டை தேயிலைத் தோட்டத்தின் பாதையில் 1934ஆம் ஆண்டில் மோட்டார் மலையேற்றப் போட்டி தொடங்கிற்று. வண்டிகள் ஒன்றையொன்று துரத்தி ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிட்டு மேட்டில் ஏறும். இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னுமிடத்தில் 1905 முதல் வழங்கிவந்த முறை இது. ஆங்கிலேயத் துரைமார் காலத்தில் இது நம் மலைக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் நானுஓயாவை அடுத்த ரதல்ல தோட்டத்திலும் இத்தகைய போட்டி நடைபெறலாயிற்று.

ஆயினும் இங்கிலாந்தின் மேட்டுக்கும் நம் மேட்டுக்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. பெற்றோல் எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். வளி ஐதானால் ஒட்சிசன் குறையும். அது குறைந்தால் வலுவும் குறையும். கொழும்பில் 50 குதிரைவலு காட்டும் சாதாரண எஞ்சின், நுவரெலியாவில் 40 அளவிலேயே நின்றுவிடும். போட்டி தொடங்குமுன்னரே மலை தன் வரியைப் பெற்றுக்கொள்கின்றது எனலாம்.

இந்த உண்மையை உலகறியக் காட்டிய சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1918ஆம் ஆண்டில் சான்ஃபோர்ட் மொஸ் என்னும் பொறியியலாளர், ‘லிபர்ட்டி’ என்ற விமான எஞ்சினை 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுசென்றார். கடல்மட்டத்தில் 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின், சிகரத்தில் 230 மட்டுமே தந்தது. பின்னர் அதன் புகையின் விசையாலேயே சுழலும் காற்றழுத்தியைப் பூட்டியபோது 356 தந்தது. எஞ்சினின் வலு என்பது அதன் மூச்சே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காற்றழுத்தி இல்லாதவன் செய்யக்கூடியது யாது? முதலாவது, கார்புரேட்டரின் துளையைச் சிறிதாக்குதல். ஐதான வளியோடு கொழும்பில் கலந்த அளவு பெற்றோலையே கலந்தால் கரும்புகை எழும். பிளக்கிலே கரி படியும். இரண்டாவது, சிலிண்டரின் தலைப்பகுதியைச் சற்றே சீவி, பெற்றோலும் வளியும் நெருக்கப்படும் இடத்தைக் குறுக்குதல். மூன்றாவது, வளி செல்லும் வழிகளை உள்ளே தேய்த்து மழமழப்பாக்குதல். நான்காவது, பொறி பாயும் நேரத்தைச் சற்று முன்தள்ளுதல். இவை ஒவ்வொன்றும் சிறு வேலைகளே. சேர்ந்தால் பெரும் பயன் விளையும். 1959இல் வெளிவந்த மினி வண்டியின் எஞ்சின் 848 கனசென்ரிமீற்றர் கொள்ளளவும் 34 குதிரைவலுவும் உடையது. 1961இன் மினி கூப்பரில் கொள்ளளவு 997 ஆகவும் வலு 55 ஆகவும் உயர்ந்தன. கொள்ளளவு கூடியது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு; வலு கூடியதோ ஐந்தில் மூன்று பங்குக்கு மேல். இரட்டைக் கார்புரேட்டர் முதலிய செப்பங்களே இந்த மிகுதியைத் தந்தன.

ஆனால் வலுவுக்கு விலையும் உண்டு. மலையின் ஐதான வளிக்கென நெருக்கத்தை மிகக் கூட்டிய எஞ்சின், கொழும்புக்கு இறங்கியதும் ‘டொக் டொக்’ எனத் தட்டத் தொடங்கும். அதனைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டன் கருகும். அதிவேகத்துக்கென வால்வுகளை நெடுநேரம் திறந்து வைத்தால், கொண்டையூசி வளைவிலிருந்து மீளும்போது இழுவை இராது. நேர்ப்பாதையில் வெல்லும் எஞ்சின் வளைவில் தோற்கும். ஆகவே, எங்கே கூட்டுவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தவனே தேர்ந்த கைவினைஞன். மலைப்பாதை அவனுக்கு அந்த அளவைக் கற்பித்தது.

இவ்விடத்தில் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். போட்டியின் பாதை தானாகத் தோன்றியதன்று. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதற்கு முன்னும் பின்னும், மன்னார் வழியே காட்டுப் பாதையில் நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் கல்லுடைத்து, மண் வெட்டி, தோட்டப் பாதைகளை அமைத்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்களுட் பலர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். வெற்றிக் கிண்ணங்களில் ஓட்டியவரின் பெயர் பொறிக்கப்படும். பாதை வெட்டியவரின் பெயரோ, எஞ்சினின் ஓசையைக் காதால் கேட்டே அதன் குறையைச் சொல்லிய மெக்கானிக்கின் பெயரோ அதில் ஏறுவதில்லை.

இன்று வளியின் அமுக்கத்தை உணர்கருவி அறிகின்றது. பெற்றோலைக் கணினி அளந்து விடுகின்றது. முன்பு சிறு திருப்புளியாலும் கூரிய செவியாலும் செய்யப்பட்டவற்றுட் பல, இப்போது கணினியின் எண்களை மாற்றுவதால் முடிகின்றன. இது வளர்ச்சியே, வருந்துவதற்கு இல்லை. ஆயின் கார்புரேட்டரோடு கூடிய அறிவு, அதனைக் கையாண்ட முதியவர்களோடு மறைந்து வருகின்றது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பட்டறைகளில் வாழ்நாளைக் கழித்த அத்தகையோரிடம், எந்த உயரத்துக்கு எந்தத் துளை, எந்த ஓசைக்கு எந்த மருந்து என்று கேட்டு எழுதிவைத்தல் நம் கடமையாகும். பாதையும் எஞ்சினும் சேர்ந்ததே மலையேற்றம். அவ்விரண்டையும் ஆக்கிய கைகளையும் சேர்த்து எழுதினால்தான் அதன் வரலாறு நிறைவுறும்.