வைரவர் என்னுந் திருநாமம்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், ஒரு வேப்பமரத்தடியில் நட்டுவைத்த சூலத்தைக் கண்டால், அஃது யாருடையதென்று எவரும் கேட்பதில்லை. கோபுரம் இராது; மணி இராது; சில இடங்களிற் கூரையும் இராது. சூலத்தின் அடியில் எண்ணெய்க் கறையும் திருநீறும் வாடிய செவ்வரத்தம் பூவும் இருக்கும். வைரவர் என்பார்கள், அவ்வளவே. சிறுவயதிற் பொழுதுபட்டபின் ஓடத்துறைக்குப் புறப்பட்டால், "வைரவரக் கும்பிட்டுட்டுப் போ மனே" என்று அம்மம்மா சொல்லியனுப்புவார். அப்பெயரின் பொருளே அச்சம் என்பதை நெடுநாட் கழித்துத்தான் கற்றேன். இருட்டுக்குப் பயந்த பிள்ளைக்குப் பயத்தின் பெயரையா துணையாகத் தந்தார்கள் என்று அன்று வியந்தேன். அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

வடமொழியிற் பைரவம் என்றால் அச்சந்தருவது. தமிழ் வழக்கில் முதலெழுத்து வகரமாகி வயிரவர் என்றும் வைரவர் என்றும் ஆயிற்று. ஆனால் இந்நாமத்துக்கு நம் முன்னோர் ஒரு பொருளோடு நின்றாரல்லர். காஷ்மீரச் சைவர்கள் பைரவர் என்பதைப் பரம்பொருளின் பெயராகவே கொண்டனர். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபிநவகுப்தர், தந்திராலோகம் என்னும் பெருநூலிலே இந்நாமத்துக்குப் பல பொருள் கூறுகின்றார். உலகைத் தாங்குபவர் என்பது அவற்றுள் ஒன்று. பிறவிக்கு அஞ்சியவர்க்கு அபயமளிப்பவர் என்பது மற்றொன்று. அபிநவகுப்தரை அம்மம்மா அறியார். ஆயினும் இருவரும் சொன்னது ஒன்றே.

வைரவர் வரலாற்றைக் கந்தபுராண படனத்தில் நம்மவர் ஆண்டுதோறும் கேட்டு வருகின்றனர். யாமே முதல்வரென்று பிரமனும் திருமாலும் வாதிட்டபோது, சிவபெருமானை இகழ்ந்த பிரமனின் உச்சித்தலையை வைரவர் நகத்தாற் கொய்தார். பின்னர்த் தேவர்தம் உலகங்கட்குச் சென்று, அவர்தம் செருக்கடங்கும் பொருட்டு, அக்கபாலத்தில் உதிரப்பிச்சை ஏற்றார் என்று கச்சியப்பர் பாடுகின்றார். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வைரவர் உதிரங் கேட்டது அகந்தை கொண்ட தேவரிடமேயன்றி எளியவரிடமன்று. பெரியபுராணத்திலே சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்ட அடியார் வேடமும் வைரவக் கோலமே. அங்கும் சீராளன் படிப்புவிட்டு ஓடிவரும் பிள்ளைபோலத் திரும்பி வந்துவிடுகிறான்.

இந்நாமம் சென்ற இடமெல்லாம் மனிதர் எங்கே நடுங்கினரோ அங்கே போய்க் குடியிருந்திருக்கின்றது. காசியிலே காலபைரவர் நகரக் காவலர். அவ்வூர்க் கொத்துவாலிப் பொலிஸ் நிலையத்திலே பொறுப்பதிகாரியின் நாற்காலி வைரவருக்கென்று விடப்பட்டு, அதிகாரி பக்கத்து நாற்காலியில் அமர்வது வழக்கம். நேபாளத்தில், காத்மாண்டு அரண்மனை முற்றத்திற் பன்னிரண்டடி உயரக் காலபைரவர் நிற்கின்றார். பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட பிரதாப மல்லன் அங்கே நிறுத்திய அச்சிலையின் முன் வழக்காளிகள் சத்தியஞ் செய்தனர். பொய்ச்சத்தியஞ் செய்தவன் அவ்விடத்திலேயே இரத்தங்கக்கிச் சாவான் என்பது ஊரார் நம்பிக்கை. பொய்ச்சத்தியஞ் செய்தவனைத் தெய்வம் சும்மா விடாது என்று நம்மூரிற் கோயில் வாசலுக்கு வழக்கைக் கொண்டுபோவதும் இதே எண்ணத்தாலன்றோ!

திபெத்திலே பௌத்தர்கள் இப்பெயரை வச்சிரபைரவர் என்று வழங்குகின்றனர். அறிவின் வடிவமான மஞ்சுசிரீ போதிசத்துவர், எருமைத் தலையும் பல கைகளுங் கொண்டு யமனை அடக்கிய கோலம் அது. திசொங்கபா (1357–1419) தொடங்கிய கெலுக் மரபில் இவ்வழிபாடு சிறப்புடையது. ஆனால் அதே பௌத்த தந்திர மரபிற் சக்ரசம்வரர் என்னுந் தேவரின் சிலையைப் பார்த்தால், அவர் காலின் கீழ் மிதிபட்டுக் கிடப்பவரும் பைரவரே! ஒரு சமயத்தார் மற்றைச் சமயத்தாரின் தெய்வத்தை வென்றதாகக் காட்டுவதும், அத்தெய்வத்தின் பெயரையே தாம் சூடிக்கொள்வதும் ஒருங்கே நிகழ்ந்தன. சண்டையிட்டவர் யாராயினும் நாமத்தை விட எவருக்கும் மனம் வரவில்லை.

சுமாத்திராவில் இரண்டும் ஒன்றாயின. பதினான்காம் நூற்றாண்டில் அங்கு ஆண்ட ஆதித்தியவர்மன் பௌத்தன். அவனே பைரவனாக நிற்கும் கோலமென்று அறிஞர் கருதும் சிலை ஒன்று பாடாங் ரோச்சோவிற் கிடைத்தது. பிணத்தின்மேல் நிற்கும் அச்சிலையின் உயரம் 4.4 மீற்றர். இப்பொழுது ஜகார்த்தா தேசிய நூதனசாலையில் உள்ளது. மண்ணிற் பாதி புதைந்து கிடந்த காலத்தில், அஃது என்னவென்றறியாத ஊரார் அதிற் கத்தி தீட்டினர். நெல்லுக் குத்தக் குழியும் தோண்டினர். எனக்கென்னவோ இச்செய்தியை எண்ணும்போது வருத்தந் தோன்றுவதில்லை. பேரரசன் பைரவனான பெருமையை விட, நெல்லுக் குத்த உதவிய பைரவர் நம்மூர் வைரவருக்கு நெருங்கிய உறவினரல்லரோ?

தூரதேசம் போவானேன்? நம் சகோதர சிங்கள மக்களும் இவரை அறிவர். பஹிரவ என்பது அவர் வழக்கு. மண்ணுக்குள் இருக்கும் புதையலைக் காப்பவர் என்பதும், நிலத்தைத் தோண்டி வீடு கட்டுமுன் அவரிடம் உத்தரவு கேட்கவேண்டும் என்பதும் அவர்தம் நம்பிக்கை. கண்டி நகரில் பஹிரவகந்தை என்றொரு குன்றுண்டு. அரசர் காலத்தில் ஆண்டுக்கொரு கன்னியை அங்கே கம்பத்திற் கட்டிப் பலியிட்டனர் என்றும், கடைசியாகக் கட்டப்பட்ட திங்கிரி மெனிக்காவை அவள் காதலன் இரவோடிரவாக மீட்டுச் சென்றான் என்றும் கதை வழங்குகின்றது. இன்று அக்குன்றின்மேல் வெண்ணிறப் புத்தர் பெருஞ்சிலை அமர்ந்திருக்கின்றது. பெயர் மட்டும் பஹிரவகந்தையாகவே நிற்கின்றது. புதையல் தோண்டுவோர் இப்பெயரைச் சொல்லிப் பழைய விகாரைகளையும் கோயில்களையும் உடைத்து நாசமாக்குவது வெட்கக்கேடு. காவற்காரனின் பெயரைச் சொல்லிக்கொண்டே களவு செய்யும் துணிவு மனிதனுக்குத்தான் வரும்.

இசையுலகில் இந்நாமம் அச்சத்தை முற்றாக விட்டுவிட்டது. பைரவி, ஆனந்தபைரவி, சிந்துபைரவி என்ற இராகங்களைக் கேட்டு நடுங்கியவர் யாருமில்லை. தேவாரத்துக் கௌசிகப் பண்ணை இன்று பைரவியிற் பாடுகின்றனர். திரைப்படத்தாரும் இப்பெயரை விட்டாரில்லை. 1978இல் வந்த "பைரவி"யின் விளம்பரத்திலேதான் இரஜினிகாந்துக்குச் சூப்பர் ஸ்டார் பட்டம் முதலிற் கிடைத்தது. 1985இல் பாலசந்தரின் "சிந்துபைரவி" வந்தது. 2017இல் விஜய் "பைரவா" ஆனார். 2024இல் வந்த "கல்கி 2898" படத்திற் பிரபாஸ் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் பைரவாவே. இளைஞர் பலர் இப்பெயரை முதன்முதல் அறிந்தது கோயிலிலன்று, கொட்டகையிலே என்று பெரியோர் குறைப்படுவதுண்டு. அதிற் பிழையொன்றும் எனக்குத் தெரியவில்லை. என் கவலை வேறு.

நம் பகுதிக் கண்ணகியம்மன், காளியம்மன் கோயில்களில் ஆகமமன்று, பத்ததியே நெடுங்காலம் ஆட்சி செய்தது. அங்கே வைரவர் வாசற்காவலர். மடை வைத்து, உடுக்கடித்து, அழைத்தால் வருபவர். அட்ட வைரவர் என்று நூல்கள் எண்ணும் அசிதாங்கர், உருரு, சண்டர் முதலிய எண்மர் வரிசையில் இல்லாத நரசிங்க வைரவர் நம் பகுதியிலுண்டு. திருமாலின் உக்கிர வடிவும் சிவனாரின் உக்கிர வடிவும் ஒரே பெயரில் நிற்கும் விந்தை அது. தேவருலகில் மாலும் அரனும் போட்ட சண்டையை வாவிக்கரை விவசாயி தீர்த்துவைத்துவிட்டான் என்றே சொல்லலாம்.

1990இல் இம்மாவட்டத்திற் பலர் காணாமற்போன நாட்களில், கச்சேரியும் நீதிமன்றமும் விடைதராதபோது, தாய்மார் காளி கோயில்களில் தெய்வமாடுவோரிடமே தம் பிள்ளையைப் பற்றிக் கேட்டழுதனர். அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் அதை நேரில் ஆராய்ந்து எழுதியுள்ளார். சாந்தசொரூபமான மூர்த்திகள் எத்தனையோ இருக்க, அம்மக்கள் உக்கிர தெய்வங்களிடம் ஏன் போயினர்? தம்மைச் சூழ்ந்த அச்சத்தை விடப் பெரியதோர் அச்சம் தம் பக்கத்தில் நிற்கவேண்டுமென்றே போயினர்.

1978 நவம்பர்ச் சூறாவளிக்கும், யுத்தத்துக்கும், 2004 ஆழிப்பேரலைக்கும் பின்னர்த் திருப்பணிகள் பெருகின. நல்லதே. கூரையிழந்த கோயிலுக்குக் கூரை வேண்டும். ஆயின் எங்கள் ஊர்க் கோயிலில் நடந்ததைச் சொல்லவேண்டும். இந்தியாவிலிருந்து கருங்கல் விக்கிரகம் வந்தது. "சொர்ண ஆகர்ஷண பைரவர்" என்று புதுப்பெயர். செல்வம் பெருகத் தேய்பிறை அட்டமிதோறும் பூசை. பலகையிலும் பத்திரிகையிலும் "வைரவர்" போய்ப் "பைரவர்" வந்தார். பழைய சூலம் மடைப்பள்ளிக்குப் பின்னால், விறகோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. சபையாரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. விக்கிரகத்துக்குப் பணஞ் சேர்க்க வீடுவீடாக நடந்தவர்களில் நானும் ஒருவன். சூலத்தைப் பற்றி அன்று எனக்கும் நினைவு வரவில்லை.

அதைக் கண்டு கேட்டவர் வயது முதிர்ந்த பூசாரியார். கோபிக்கவில்லை. "அவரு பொன் குடுக்கிறவர் எண்டா இருக்கட்டும் தம்பி. ராவையில வாசல்ல நிக்கிறது ஆரு?" என்று மட்டும் கேட்டார். மறுகிழமை இளைஞர் நால்வர் சேர்ந்து சூலத்தைக் கழுவி, வடகிழக்கு மூலையில், வேம்பு நின்ற பழைய இடத்துக்கு அண்மையில் நட்டனர். ஆகமப்படியும் வைரவருக்கு உரிய மூலை அதுவே என்று குருக்களும் ஒத்துக்கொண்டார்.

சென்ற வைகாசிச் சடங்கின்போது பூசாரியார் அச்சூலத்தின் முன் மடை வைத்து வைரவர் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். அவை அச்சிட்ட எந்நூலிலும் நான் காணாதவை. பாதி தமிழ், பாதி மலையாளம். அவர் பிள்ளைகளில் எவரும் அவற்றைப் படிக்கவில்லை. நான் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். நரசிங்க வைரவர் வரை எழுதினேன். அதற்குள் உடுக்கு வேகமெடுத்துவிட்டது; மீதி காதில் விழவில்லை. வரும் வைகாசிக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வருவதாக மன்றத்துப் பிள்ளைகள் இருவர் சொல்லியிருக்கிறார்கள். பூசாரியாருக்கு இப்பொழுது வயது எண்பத்திரண்டு.