வாட்டின் பேடன்டும் கார்ன்வால் சுரங்கங்களும்

ஆபீஸில் பேடன்டுக்கு எழுதிக் கொடுத்தால் சின்னதாக ஒரு தொகை தருவார்கள். நானும் ஒருமுறை எழுதினேன். எழுதும்போதே ஒரு சந்தேகம்: இதனால ஊருக்கு என்ன லாபம்? அதுதான் என்னை ஜேம்ஸ் வாட்டிடம் இழுத்துக்கொண்டு போனது.

நீராவி எஞ்சினில் தனி கண்டென்சர் வைக்கும் யோசனைக்கு வாட் 1769-ல் காப்புரிமை வாங்கினார். வழக்கமான காலம் 14 வருஷம். ஆனால் 1775-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு அதை 1800 வரை நீட்டியது. மேத்யூ போல்டன் பணம் போட்டதே இந்த நீட்டிப்பை நம்பித்தான். வாட்டைத் திட்டுகிறவர்கள் இதை வசதியாக மறந்துடறாங்க.

கார்ன்வாலில் செம்பு, தகரச் சுரங்கங்கள் உண்டு, நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வரணும். பழைய நியூகோமன் எஞ்சினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டார்கள். மிச்சம்தானே என்று ஒத்துக்கொண்டவர்கள் போகப்போகக் கசந்தார்கள். ஜொனாதன் ஹார்ன்ப்ளோவர் 1781-ல் இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு காப்புரிமை வாங்கினார். கண்டென்சர் இல்லாமல் அது ஓடாது, அங்கேதான் சிக்கினார். 1799-ல் நீதிமன்றம் வாட் பக்கம் நின்றது. இதில் வேடிக்கை, வாட்டே இன்னொருவர் வேலியில் மாட்டியவர். கிராங்க் பிக்கார்டின் காப்புரிமையில் இருந்ததால், சுற்றிவளைத்து 'சூரியன்-கோள்' பல்சக்கரம் செய்தார்.

1811-லிருந்து ஜோயல் லீன் மாதாமாதம் ஓர் அறிக்கை வெளியிட ஆரம்பித்தார். ஒரு புஷல் கரிக்கு எந்த எஞ்சின் எத்தனை பவுண்டு தண்ணீரை ஓரடி தூக்குது, அதைக் கவனிக்கும் எஞ்சினியர் யார், எல்லாம் பகிரங்கம். நம்ம கிட்ஹப் மாதிரி! டிரெவிதிக் 1812-ல் வீல் ப்ராஸ்பர் சுரங்கத்தில் வைத்த உயர் அழுத்த எஞ்சினுக்கு காப்புரிமையே வாங்கவில்லை. 1790-களில் வாட் எஞ்சின் தூக்கியது சுமார் 2 கோடி பவுண்டு. 1835-ல் ஃபோவி கன்சோல்ஸ் சோதனையில் 12.5 கோடி.

உடனே காப்புரிமையே வேண்டாம்னு நான் சொல்லல. கார்ன்வாலில் ஒரே முதலாளிக்குப் பல சுரங்கங்களில் பங்கு இருந்தது, பகிர்ந்தால் அவருக்கே லாபம். எஞ்சினியருக்குப் பேர் கிடைத்தது, பேரால் அடுத்த வேலை. மருந்துக் கம்பெனிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

எனக்கு இடிப்பது அந்த நீட்டிப்புதான். 14 வருஷத்தோடு விட்டிருந்தால் 1783-லேயே முடிந்திருக்கும். ஹார்ன்ப்ளோவருக்கு அப்போ வயசு 30.