பெட்ரோல் குழி தோண்டும் இயந்திரம்

பெட்ரோல் குழி தோண்டும் இயந்திரம் என்பது சிறிய பெட்ரோல் பொறியினால் சுழற்றப்படும் திருகு வடிவத் தண்டைக் கொண்டு நிலத்தில் உருளை வடிவக் குழி இடும் கருவி ஆகும். இது மண் துளைப்பான், எர்த் ஆகர் ஆகிய பெயர்களாலும் அறியப்படுகின்றது. வேலிக்கால் ஊன்றுதல், மரக்கன்று நடுதல், வாழைக்குக் குழி எடுத்தல் முதலிய பணிகளுக்கு இது ஏற்றது.

இக்கருவியில் சுழலும் தண்டின் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதாகும். எரிபொருள் நிரப்பும்போது இயந்திரம் நின்றிருப்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் பெட்ரோல் ஆவியும் சூடான சைலன்சரும் அருகருகே இருப்பது அந்நேரத்தில்தான்.

அமைப்பு

ஒருவர் இயக்கும் வகைகளில் பெரும்பாலும் 52 அல்லது 63 கன செ.மீ. கொள்ளளவுள்ள டூ ஸ்ட்ரோக் பொறி பொருத்தப்பட்டிருக்கும். பொறியின் வேகம் பற்சக்கரங்களினால் பலமடங்கு குறைக்கப்பட்டு, அதற்கேற்ப முறுக்குவிசை கூட்டப்படுகின்றது. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் கிளட்ச் விலகித் துளைத்தண்டு நின்றுவிடும். பொறியை மெதுவாக ஓடவிட்ட நிலையிலும் தண்டு சுழன்றால் அவ்வியந்திரத்தைச் சரிசெய்யாமல் பயன்படுத்தலாகாது.

துளைத்தண்டுகள் பொதுவாக 10 முதல் 30 செ.மீ. வரை விட்டம் கொண்டவை. தோட்டக்கால் வாழைக்குப் பரிந்துரைக்கப்படும் குழி 45 செ.மீ. நீளம், அகலம், ஆழம் கொண்டது. ஆதலால் இயந்திரம் இட்ட குழியை மண்வெட்டியால் அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

நிலத்தின் தன்மை

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஏரல், தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிற்குக் கீழே, வாழையும் நெல்லும் விளையும் பகுதியில் அமைந்துள்ளது. ஆற்று வண்டல் மண்ணில் தண்டு எளிதில் இறங்கும். ஈரக் களிமண்ணில் தண்டு உறிஞ்சப்பட்டதுபோல் சிக்கிக்கொள்ளும். அத்தகைய இடங்களில் ஒரே மூச்சில் ஆழம் போகாமல், சிறிது சிறிதாகத் துளைத்து மண்ணை வெளியேற்ற வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களின் பெருமழையில் இப்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் ஒதுக்கிய மண்ணில் கம்பி, கட்டை போன்றவை புதைந்திருக்கக்கூடும். எனவே துளைக்கும் முன் கடப்பாரையால் குத்திப் பார்ப்பது நல்லது. மோட்டார் அறைக்குச் செல்லும் மின்கம்பி, நீர்க்குழாய் ஆகியவற்றின் தடத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இயக்கும் முறை

தண்டு கல்லிலோ பனை வேரிலோ சிக்கி நின்றால், பொறியின் விசை கைப்பிடியை எதிர்த்திசையில் திருப்பும். இதனால் மணிக்கட்டு, விலா, தொடை ஆகியவற்றில் அடிபடலாம். இரு கைகளாலும் பிடித்து, கால்களை அகல ஊன்றி, கைப்பிடியை உடலுக்கு நெருக்கமாக வைத்து இயக்க வேண்டும். சிக்கினால் உடனே ஆக்சிலரேட்டரை விட்டுப் பொறியை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றியபின், தண்டைக் கையால் எதிர்ப்புறம் திருப்பி எடுக்க வேண்டும்.

தோளில் தொங்கும் துண்டு, தளர்ந்த சாரம், சேலைத் தலைப்பு ஆகியன தண்டில் சுற்றிக்கொள்ளும். காற்சட்டை, மூடிய காலணி, கண்ணாடி, காதடைப்பான் ஆகியன தேவை. மண்ணைக் கையாலோ காலாலோ தள்ள மற்றொருவர் அருகில் நிற்கலாகாது.

எரிபொருள் கலவை

டூ ஸ்ட்ரோக் பொறிக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த 2டி எண்ணெயே அதன் உயவுப்பொருள். தயாரிப்பாளர் குறிப்பிடும் விகிதமே பின்பற்றத்தக்கது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு,

25:1 விகிதம் – 40 மி.லி. எண்ணெய்
40:1 விகிதம் – 25 மி.லி. எண்ணெய்
50:1 விகிதம் – 20 மி.லி. எண்ணெய்

இந்தியாவில் 2025 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கப்படுகின்றது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும். எண்ணெய் மேலேயுள்ள பெட்ரோலுடன் நின்றுவிடும். தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சும் பொறி எண்ணெயின்றி ஓடிப் பழுதாகும். ஆகவே சில வாரங்களுக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்வதும், பருவம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்வதும் சிறந்தது.

எரிபொருள் நிரப்புதல்

பெட்ரோல் ஏறத்தாழ −40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். இவ்வாவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. எனவே மேலெழாமல் தரையோடு பரவி, தொலைவிலுள்ள பீடி நெருப்பையும் எட்டும்.

1. பொறியை நிறுத்திக் குறைந்தது 10 நிமிடம் ஆறவிட வேண்டும்.
2. வாழைச் சருகும் வைக்கோலும் இல்லாத வெறுந்தரையில், நிழலில் நிரப்ப வேண்டும்.
3. மூடியை மெதுவாகத் திறந்து, வடிகட்டியுள்ள புனலால் ஊற்றி, மேலே சிறிது இடம் விட வேண்டும்.
4. சிந்தியதைத் துடைத்து உலரவிட வேண்டும். ஆடையில் சிந்தினால் ஆடையை மாற்ற வேண்டும்.
5. நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிச் சென்று இயக்க வேண்டும்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது மிகவும் ஆபத்தானது. சிறிதளவு நுரையீரலுக்குள் சென்றாலும் கடும் அழற்சி உண்டாகும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சேமிப்பும் சட்டமும்

பெட்ரோலியச் சட்டம், 1934 இன் 8 ஆம் பிரிவின்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். அது கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில் இறுக மூடப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் கலங்கள் ஒரு லிட்டருக்கும், உலோகக் கலங்கள் 25 லிட்டருக்கும் மேற்படலாகாது. தண்ணீர் போத்தல் இதில் அடங்காது. மேலும், போத்தலில் உள்ளதைக் குழந்தைகள் குளிர்பானம் என்று கருதிக் குடித்துவிடக்கூடும்.

தீப்பற்றினால்

பெட்ரோல் தீயில் நீர் ஊற்றினால் பெட்ரோல் நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். உலர்ந்த மணல் அல்லது உலர்பொடித் தீயணைப்பான் பயன்படுத்த வேண்டும். தீக்காயத்தின் மீது 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

பனித்துளைப்பான்

கனடா, பின்லாந்து போன்ற குளிர்நாடுகளில் உறைந்த ஏரிகளில் துளையிட்டு மீன்பிடிக்க இதே வகைப் பொறி, பனிக்கட்டியை வெட்டும் கூர்மையான தண்டுடன் பயன்படுகின்றது. எரிபொருள் விதிகள் அதற்கும் பொருந்தும். கூடாரத்துக்குள் இயக்கினால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். நிழல்வலைக் குடிலிலோ மூடிய கொட்டகையிலோ குழி தோண்டும் இயந்திரத்தை இயக்கும்போதும் காற்றோட்டம் குறைவாயின் இவ்வாபத்து உண்டு.