பிடி அரிசியும் பெருங்கொடையும்

நம் சங்கத்தின் கல்வி உதவி நிதியைக் குறித்துச் சென்ற பொதுக்குழுவிலே ஒரு யோசனை எழுந்தது. ஆண்டுதோறும் பட்டியலையும் ரசீதுப் புத்தகத்தையும் கையிலேந்தி வீடு வீடாய் ஏறி இறங்குவானேன்? செல்வர் ஒருவரை அணுகிப் பெருந்தொகை ஒன்றைப் பெற்று, அதனை வங்கியில் நிரந்தர வைப்பாக இட்டுவிட்டால், வட்டியைக் கொண்டே நம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டிவிடலாமே என்பது அந்த யோசனை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆயினும், இவ்விரு வழிகளிலும் பள்ளி நடத்திப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. ஒன்று சென்னையில் நடந்தது. மற்றொன்று விருதுபட்டியில் நடந்தது. அவ்விரண்டின் வரலாற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு அன்பர்கள் முடிவு செய்வது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் பெருங்கொடையைப் பார்ப்போம். தென்னாட்டில் கல்விக் கொடை என்றவுடன் நினைவிற்கு வரும் பெயர் வள்ளல் பச்சையப்ப முதலியார் அவர்களுடையதே. 1754ஆம் ஆண்டு பிறந்த அவர், பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். வறிய விதவைத் தாயின் கையில் வளர்ந்து, பௌனி நாராயண பிள்ளை என்ற பெரியவரின் ஆதரவால் கணக்கும் வாணிகமும் பயின்று, துபாஷித் தொழிலில் இறங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். அந்நாளில் துபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். வெள்ளையர்க்கும் நம்மவர்க்கும் இடையே நின்று கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் நடத்தி வைத்தவர். தஞ்சைச் சீமை வரையில் பரவியிருந்தது பச்சையப்பருடைய தொழில். 1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உயில் எழுதி வைத்துவிட்டு, அம்மாத இறுதியிலேயே திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதுதான்.

ஈட்டிய பொருளின் பெரும் பகுதியை அறத்திற்கென்றே அவர் எழுதி வைத்தார். ஆலய வழிபாடு, அன்னதானம் போன்றவையே அவ்வறங்கள். ஆனால், கொடுத்தவர் கண்ணை மூடினார். பொருளும் உடனே கண்ணை மூடிக்கொண்டது! உறவினர் ஒருபுறம், பொறுப்பாளர் ஒருபுறம் என்று வழக்குகள் எழுந்தன. ஆண்டுகள் உருண்டன. இறுதியில் சென்னையில் அந்நாளிலிருந்த சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுப் பொருளை மீட்க வேண்டியதாயிற்று. சர்க்கார் தரப்பில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்ற ஆங்கிலேயர் இவ்வறத்தில் மிக்க ஊக்கம் காட்டினார். வழக்கு நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் வட்டி குட்டி போட்டுக்கொண்டே வந்தமையால், ஆலய அறங்களுக்கு ஒதுக்கியது போக மிச்சமாகப் பெருந்தொகை நின்றது. அந்த மிச்சத்தைக் கொண்டு இந்து சமயத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலமும், அதனோடு தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நிறுவலாம் என்று முடிவாயிற்று. 1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், சென்னைப் பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பெற்றது. 1846இல் நார்ட்டன் அடிக்கல் நாட்ட, கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றை ஒத்த தூண்களோடு எழுந்த மண்டபம் 1850இல் கவர்னர் பாட்டிஞ்சரால் திறந்து வைக்கப்பெற்றது. 1889இல் அது முதல் தரக் கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் சேத்துப்பட்டுக்குக் குடிபெயர்ந்தது. பாதிரிமார் பொருளும் சர்க்கார் பொருளும் இன்றி, நம்மவர் ஒருவர் விட்டுச் சென்ற பொருளால் தென்னாட்டில் எழுந்த முதல் ஆங்கிலக் கல்விக்கூடம் இதுவே என்பர்.

இவ்வளவு பெருமையும் உண்மை. ஆயினும், கணக்கெழுதிப் பழகிய கண்ணுக்கு இங்கே ஓர் இனம் உறுத்துகின்றது. 1794க்கும் 1842க்கும் இடையே 48 ஆண்டுகள்! வள்ளல் மறைந்த ஆண்டிலே பிறந்த ஏழைச் சிறுவன் ஒருவன், பள்ளி திறந்த அன்று தன் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அதன் வாயிலுக்கு வந்திருக்க முடியும். பொருள் இருந்தது, பிள்ளைகளும் இருந்தனர், இரண்டையும் இணைப்பதற்கு இடையிலே கேட்பார் இல்லை. ஆண்டுதோறும் பொருள் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்கும் ஊரார் ஒருவர்கூட அவ்வறத்திற்கு இல்லாமற் போனதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. இன்னொன்று: கொடையாளியோடு வந்த வரம்பு எளிதிலே நீங்குவதில்லை. இந்து மாணாக்கரையன்றிப் பிறரைச் சேர்ப்பதில்லை என்ற விதி பச்சையப்பர் கல்லூரியில் 1947 வரையில் நீடித்திருந்தது.

கல்லூரியின் பெயரைச் சொல்லும்பொழுது கணிதமேதை இராமானுசனை நினையாமல் இருக்க இயலவில்லை. துணிக்கடைக் கணக்கரின் மகனான அவருக்குக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904இல் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கணக்கிலே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் அது நின்றுபோயிற்று. நின்றதும் படிப்பும் நின்றது. 1906இல் பச்சையப்பர் கல்லூரிக்கு வந்தார், அங்கும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக அமர்ந்தார். அடுத்த ஆண்டுதான் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாகக் கொண்டு உதவுகின்ற நிதிகள் யாரைத் தவறவிடக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? நம் நிதியின் விதிகளிலும் நூற்றுக்கு அறுபது என்ற வரம்பு ஒன்று இருப்பதை அன்பர்கள் அறிவார்கள்.

இனி விருதுபட்டிக்கு வருவோம். இன்று விருதுநகர் என்று வழங்கும் அவ்வூர் 1923 வரையில் விருதுபட்டியே. அங்கு வாழ்ந்த நாடார் குலத்து வணிகப் பெருமக்கள், அக்காலத்தில் ஆலயங்களிலும் பொது இடங்களிலும் நுழைய உரிமை மறுக்கப்பட்டுப் பெருந்துயருற்றிருந்தனர். வண்டிகளில் சரக்கேற்றி ஊர் ஊராகச் சென்ற அவர்கள், கள்வர் அச்சத்தினின்று மாட்டையும் வண்டியையும் காப்பதற்குப் பேட்டைகளை அமைத்துக்கொண்டனர். பேட்டைச் செலவிற்காக ஒவ்வொரு வணிகரும் தம் சரக்கின் அளவிற்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்குச் செலுத்தினர். இதற்கு மகமை என்று பெயர். உறவின்முறை என்ற ஊர்ச்சபை அந்நிதியைப் பொறுப்பேற்று நடத்திற்று. காவலுக்கென்று எழுந்த மகமை, பின்னர்க் கிணற்றுக்கும் கோயிலுக்கும் பயன்பட்டு, 1880களில் பள்ளிக்கூடமாக மலர்ந்தது. அதுவே சத்திரிய வித்தியாசாலை.

அப்பள்ளியில் பள்ளிச் சம்பளம் கிடையாது. செல்வர் மகனும் செலுத்த வேண்டியதில்லை. ஏழை மகனும் செலுத்த வேண்டியதில்லை. பிற சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படித்தனர். கோயில் வாயிலிலே தம்மை நிறுத்தி வைத்த உலகத்திற்குத் தம் பள்ளி வாயிலைத் திறந்து வைத்த பெருந்தன்மையை என்னென்பது! மகமை வணிகர் அளித்தது. வீட்டுப் பெண்மணிகள் அளித்தது பிடி அரிசி. உலையில் இடுவதற்கு அரிசியை அளக்கும்பொழுது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு வைப்பர். வாரம் ஒருமுறை அதனைத் திரட்டி விற்று, வந்த பணத்தைப் பள்ளிச் செலவிற்குச் சேர்ப்பர். ஒரு பிடி குறைவதால் எந்த வீட்டிலும் பசி மிகுந்துவிடாது. ஆனால், அடுப்பு மூட்டும் ஒவ்வொரு வேளையும் அவ்வீட்டுத் தாய்க்குப் பள்ளிக்கூடம் நினைவிற்கு வந்துவிடும். நினைவிருக்கின்ற இடத்தில் கேள்வியும் இருக்கும். வாத்தியார் ஒருநாள் வராவிட்டால் கேட்பதற்கு அவளுக்கு உரிமையுண்டு. அவள் அரிசி கொடுத்தவள் அன்றோ?

இதனாலே இன்னொரு பெரிய நன்மையும் விளைந்தது. எல்லோரும் கொடுத்து எல்லோர்க்கும் இலவசம் என்றபொழுது, இவன் தருமத்தில் படிக்கின்ற பிள்ளை என்று ஒருவனைச் சுட்டிக் காட்ட இயலாது. வறுமைக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தகப்பன் ஒருவன் மேசை முன் நிற்க வேண்டியதும் இல்லை. அரைச் சம்பளச் சலுகைக்காக அப்படி நின்றவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்த நிற்றல் எத்தகையது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவ்வித்தியாசாலையில் பயின்றவரே பெருந்தலைவர் காமராசர். 1903இல் பிறந்த அவர், அங்குப் படித்த நாளில் பிள்ளையார் சதுர்த்திக்கு மாணாக்கர் யாவரும் ஆளுக்குச் சிறிது காசு கொடுத்தார்களாம். பூசை முடிந்து சுண்டலும் பொரியும் வழங்கும்பொழுது பிள்ளைகள் முண்டியடிக்க, இவர் மட்டும் ஒதுங்கி நின்று கையில் அகப்பட்ட சிறிதளவோடு வீடு திரும்பினாராம். ஏன் இவ்வளவு குறைவு என்று பாட்டி வினவ, எல்லோரும் ஒரே அளவு காசுதான் கொடுத்தோம், சமமாகப் பங்கிட வேண்டியது வாத்தியார் கடமையல்லவா என்று விடை கூறியதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

ஆனால், அன்பர்களே, அக்காமராசரே படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. பள்ளியோ இலவசப் பள்ளி. பிறகு ஏன் நிறுத்தினார்? சிறு வயதிலே தந்தை மறைந்தார். குடும்பத்தில் உழைத்து ஈட்டுவார் இல்லை. ஆகவே பன்னிரண்டு வயதளவில் மாமன் துணிக்கடைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. பள்ளிச் சம்பளத்தைத் தள்ளிவிட்டால் மட்டும் ஏழைப் பிள்ளை பள்ளியில் நிலைத்துவிட மாட்டான்; அவன் வீட்டு அடுப்பையும் யாரேனும் நினைக்க வேண்டும். பிடி அரிசியால் நடந்த அப்பள்ளிகூட, ஒரு பிள்ளையின் வீட்டுக் கலயத்திற்கு அரிசி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்திருக்கவில்லை. இக்குறையை அவர் மறக்கவில்லை என்றே எண்ணுகின்றேன். 1954இல் முதலமைச்சரான பின், 1956இல் எட்டயபுரத்தில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர்தோறும் சென்று மக்களிடம் நன்கொடை திரட்டினார். உணவுச் செலவில் ஒரு பகுதியை அரசும் மறுபகுதியை ஊராரும் ஏற்றனர். விருதுபட்டிக் கலயம் மாநிலம் முழுவதற்கும் சென்றது என்றே நான் இதனைக் கொள்வேன்.

பிடி அரிசியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மழை பொய்த்தால் கலயம் காலியாகும். வாணிகம் சரிந்தால் மகமை சுருங்கும். உறவின்முறையின் கட்டுப்பாடும் கடுமையானது. கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவ்வூரில் நிம்மதியாய் வாழ்வது அரிது. நம் சங்கத்தில் அத்தகைய கட்டாயம் செல்லாது, செல்லவும் வேண்டாம். பச்சையப்பர் கட்டளையோ எந்தப் பஞ்சத்திலும் வற்றவில்லை. பின்வந்த கொடையாளர்களும் அதனோடு சேர்ந்தனர். கந்தசாமி நாயுடு, செல்லம்மாள் ஆகியோர் பெயர் தாங்கிய கல்லூரிகளும் அதே அறக்கட்டளையின்கீழ் எழுந்தன. ஆகவே, செல்வர் கொடை வந்தால் வாயிற்கதவை அடைக்க வேண்டும் என்பதன்று என் வாதம். அது வந்துவிட்டது என்பதற்காகப் பட்டியலைக் கிழித்துவிடலாகாது என்பதே.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது மேலும் பொருந்தும். தில்லியில் 1923இல் மதராசிக் கல்விக் கழகம் என்ற பெயரால் தொடங்கி, இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமும், பம்பாய் மாதுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கென்று எழுப்பியவை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கிற்று. ஆனால், அவ்வுரிமை எட்டாம் வகுப்போடு முடிகின்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. சட்டம் கை கொடுக்காத இடத்திலே, ஒன்பதாம் வகுப்பு வாயிலில், தமிழ்ப் பிள்ளை ஒருவன் நின்றால் அவனுக்குச் சங்கத்தை விட்டால் யார் உளர்?

ஆகவே, வரும் பொதுக்குழுவின் முன் மூன்று திருத்தங்களை வைக்க எண்ணியுள்ளேன். ஆண்டுப் பட்டியல் தொடர வேண்டும். குறைந்த அளவுத் தொகை என்று எதுவும் விதிக்கலாகாது. பத்து ரூபாய் கொடுத்தவர்க்கும் ரசீதும் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. உதவி, பள்ளிச் சம்பளத்தோடு நில்லாமல் புத்தகம், சீருடை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றையும் தழுவ வேண்டும். வீட்டில் ஈட்டுபவர் நோயுற்றாலோ மறைந்தாலோ மாதந்தோறும் மளிகைச் செலவிற்கும் ஒரு தொகை செல்ல வேண்டும். அத்தகைய பிள்ளைக்கு அறுபது மதிப்பெண் விதியைத் தளர்த்த வேண்டும். ஆண்டு விழா மேடையில் உதவி பெறும் பிள்ளைகளின் பெயரை வாசித்து அழைக்கும் வழக்கத்தை இவ்வாண்டோடு நிறுத்திவிட வேண்டும். காசோலை நேரே பள்ளிக்குச் சென்றால் போதும். இவ்வாண்டுப் பட்டியல் செயலாளரிடம் இருக்கின்றது. விழா முடிந்த மறுஞாயிறு முதல் தெருவாரியாக வருவோம்.