மறுவீட்டுச் சொதி

திருநெல்வேலிச் சீமையின் சைவ வேளாளர் இல்லங்களில், தாலி கட்டு முடிந்த மறுநாள், பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் நடத்துகிற மறுவீட்டு விருந்தில், முந்தின நாள் பந்தியை ஆண்ட சாம்பார் ஒதுங்கிக்கொள்ள, இலையில் குவித்த சோற்றின்மேல் தந்த நிறத்தில், இளஞ்சூட்டோடு, தேங்காய்ப்பாலும் இஞ்சியும் கலந்து மணக்க வந்து விழுவது சொதி. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். ஒரு குழம்புக்கு மாப்பிள்ளையின் பெயரையும் இட்டு, அதற்கென்று ஒரு நாளையும் ஒதுக்கி வைப்பது சாமானியமான மரியாதையன்று. ஆதிகாலந்தொட்டு இப்படியே சமைத்து வருகிறோம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லில் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சட்டிக்குள்ளேயே தேடிக் கண்டுகொள்ளலாம்.

சொதி சுலபமான சமையல்தான். ஆனால் வரிசை தவறினால் கெட்டுப்போகிற சமையல். ஆறு பேருக்கு இரண்டு முற்றிய தேங்காயும் அரை ஆழாக்குப் பாசிப்பருப்பும் போதும். தேங்காய்ப்பூவை ஆட்டுரலில் இட்டு ஆட்டி, கொஞ்சம் வெந்நீர் தெளித்து, வெள்ளைத் துணியில் கட்டி முறுக்கினால் சொட்டுச் சொட்டாக, கையில் பிசுக்கென்று ஒட்டும்படி வருவது முதற்பால். அதே பூவை மறுபடி ஆட்டிப் பிழிந்தால் இரண்டாம் பால். மூன்றாம் முறை வருவது ஏறக்குறைய அரிசி களைந்த நீரைப் போலிருக்கும். எங்கள் ஆச்சி மூன்றையும் ஈயம் பூசிய மூன்று பாத்திரங்களில் அடுப்புக்கு இடப்பக்கம் வரிசையாக வைத்துக்கொள்வாள். அந்த வரிசையை யாரும் மாற்றக்கூடாது. நறுக்கிய காய்கள் மூன்றாம் பாலில் வேகும். பாதி வெந்ததும் இரண்டாம் பாலும், குழைய வேகவைத்த பருப்பும், கீறிய பச்சைமிளகாயும், இஞ்சிச் சாறும் சேரும். கடைசியில் தீயைத் தணித்துவிட்டுத்தான் முதற்பாலைத் தொடுவாள். தேங்காய்ப்பால் என்பது எண்ணெயும் நீரும் பிணங்காமல் கலந்து நிற்கிற நிலை. தீ மிஞ்சினால் அந்த இணக்கம் முறிந்து, எண்ணெய் மேலே மிதக்க, கீழே திப்பி திப்பியாகத் திரிந்து நின்றுவிடும். இதையெல்லாம் ஆச்சி விளக்கிச் சொன்னதில்லை. அக்கா கரண்டி பிடித்த நாட்களில் பின்னாலிருந்து, “ஏட்டி, ஓரத்துல நுரை கட்டுது பாரு, இறக்கு, இறக்கு!” என்று ஒரு குரல் மட்டும் வரும். எலுமிச்சம்பழம் பிழிவது, சட்டி தரைக்கு வந்து, சூடும் சற்று ஆறிய பிறகுதான்.

இனி, அந்தச் சட்டிக்குள் வேகிற காய்களைப் பார்ப்போம். காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முருங்கைக்காய். இவற்றுள் முருங்கையைத் தவிர மற்றவற்றை நம் தாய்மார்கள் நேற்றுவரை இங்கிலீஷ் காய்கறி என்றே அழைத்து வந்தார்கள். அந்தப் பெயரே போதிய சாட்சி. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறிச்சென்று, அதன் குளிர்ச்சியில் மனத்தைப் பறிகொடுத்து, ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே விளைவிக்கத் தொடங்கிய பிறகே, அவை மலையில் மிகுதியாக விளைந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் ரயில் ஏறிய பிறகே, மலைக் காய் வாடாமல் சமவெளிக்கு இறங்குவது எளிதாயிற்று. ஆகையால் இன்று நாம் உண்கிற உருவத்தில் சொதிக்கு வயது மிஞ்சிப்போனால் சில தலைமுறைகள்தாம்.

மிளகாயும் வந்தேறியதே. 1498-இல் கோழிக்கோட்டில் கால்வைத்த போர்த்துக்கீசியரைத் தொடர்ந்து, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த அந்தக் காய்க்கு நம்மவர்கள் புதிதாக ஒரு பெயரைத் தேடி அலையவில்லை. மிளகைப் போல உறைக்கிற காய் ஆகையால் மிளகாய் என்றார்கள். ஈழத்தின் சில பகுதிகளில் அதைக் கொச்சிக்காய் என்பார்கள். எந்தத் துறைமுகத்தின் வழியாக வந்தது என்பதை அந்தப் பெயர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது போலும்.

இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டால், முருங்கையும் பருப்பும் ஒருபுறமிருக்க, சட்டியில் முக்கியமாக மிஞ்சுவன தேங்காய்ப்பாலும் இஞ்சியும். இவை பழையவை. சோழநாட்டுத் தோட்டங்களை வருணிக்கிற பட்டினப்பாலை, தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி ஆகியவற்றை அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிறது. தென்னையின் நிழலில் இஞ்சி முளைத்த அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டில் என்ன குழம்பு வைத்தார்கள் என்று புலவர் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே கொல்லையில் விளைந்த நாட்டில், இரண்டும் ஒரே சட்டியில் கூடுவதற்கு வெளியார் யாரும் வந்து கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சொதி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. ஈழத்துத் தமிழரின் சொதி நம்முடையதைப் போல மாப்பிள்ளை விருந்தன்று; இடியாப்பத்துக்கும் பிட்டுக்கும் அன்றாடம் ஊற்றிக்கொள்கிற நீர்த்த பால்குழம்பு; சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சஞ்சாறு. பருப்பும் இல்லை, இத்தனை காயும் இல்லை. ஆனால் பெயர் ஒன்று. புளியைக் கடைசியில் சேர்க்கிற நுட்பமும் ஒன்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணியும் கப்பலும் ஓயாமல் சென்று வந்ததையும், திருநெல்வேலிக்காரர் பலர் கொழும்பில் கடை வைத்துப் பிழைத்ததையும், 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை அந்தத் தடத்திலேயே தொடங்கியதையும் நினைத்தால், இரண்டு சொதிகளும் உறவு முறைதான் என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை. மேற்கே மலையைத் தாண்டினால் தேங்காய்ப்பாலில் தடியங்காய் வேகிற ஓலன் இருக்கிறது. குற்றாலத்துக்கு அருகிலுள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் வரையில் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்தே இருந்தது. கிழக்கே கடலும் மேற்கே மலையுமாக இரு பக்கமும் தேங்காய்ப்பால் சமையல் செழித்த பூமியின் நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. இதில் யார் யாருக்குக் கொடுத்தார் என்று வழக்காடுவது எனக்கு உவப்பாக இல்லை.

தாமிரபரணிக் கரை அந்தக் குழம்புக்குச் செய்த விசேஷம் ஒன்று உண்டு: ஏழையின் பால்குழம்பை விருந்தின் ஸ்தானத்துக்கு உயர்த்தியது. தேங்காயைத் தாராளமாகச் செலவிட்டு, மூன்று பால் பிழிய வீட்டுப் பெண்கள் விடியற்காலையிலேயே ஆட்டுரலைச் சுற்றி உட்கார்ந்து, உறைப்பையும் புளிப்பையும் அடக்கி, புது உறவுக்கு மென்மையான ஒன்றைப் பரிமாறுகிறார்கள். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்திக்குமென்று பக்கத்திலேயே இஞ்சிப் பச்சடியையும், நாவுக்குத் துணையாக உருளைக்கிழங்குக் காரக்கறியையும் வைத்த ஏற்பாட்டில், வந்தவர்களின் உடம்பைப் பற்றிய கரிசனமும் தெரிகிறது.

இன்று முகூர்த்தப் பந்தியிலேயே சாம்பாருக்குப் பக்கத்தில் சொதியையும் ஒரு வாளியில் கொண்டுவந்து ஊற்றிவிடுகிறார்கள். தேங்காய்ப்பாலும் பொடியாகப் பொட்டலத்தில் வந்துவிட்டது. அந்தப் பொடியில் ஒரே பால்தான் உண்டு. முதலாவது, மூன்றாவது என்ற பேதம் கிடையாது. அதில் வைத்த குழம்புக்குக் கனம் இருக்கிறதே தவிர மணம் இல்லை. காய்கள் காலத்துக்குக் காலம் மாறின, இன்னும் மாறட்டும். காரட்டுக்குப் பதில் வேறொன்று வந்தாலும் நான் வருந்தமாட்டேன். கல்யாணம் வைத்திருக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: சமையற்காரரிடம் பேசும்போது, சொதியை மறுவீட்டுக்கென்றே நிறுத்தி வையுங்கள், அதற்கான தேங்காயை அன்று காலையில் துருவச் சொல்லுங்கள்.