படகுக்குப் பின் வந்த பயிற்சி: கொந்தளிக்கும் கடலும் விசைப்படகும், ஒரு வரலாற்றுக் குறிப்பு

2008 நவம்பர் 26 இரவு மும்பை கஃப் பரேடு மச்சிமார் நகர்க் கரையில் ஒதுங்கிய சிறிய ரப்பர் படகைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் உளவு, பாதுகாப்பு, அரசியல் என்னும் எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. படகோட்டம் என்ற கோணத்தில் அந்நிகழ்வு அரிதாகவே ஆராயப்பட்டுள்ளது. கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதற்கட்டம் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 2005இல், தொடங்கியிருந்தது. 73 கடலோரக் காவல் நிலையங்களும் 204 விரைவுப் படகுகளும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. ஒப்பந்தப்புள்ளி கோரிப் படகுகளைப் பெற முடிந்தது. அலை எழும் நாளில் அவற்றை ஓட்டக்கூடிய ஆட்களை அப்படிப் பெற முடியவில்லை. பயிற்சி பெற்றோர் பற்றாக்குறையால் படகுகள் உரிய அளவு பயன்படவில்லை என்பதைத் தணிக்கை அறிக்கைகள் பின்னர் பல மாநிலங்களில் பதிவு செய்தன.

இது ஒரு துறையின் தவறு மட்டுமன்று. இந்தியக் கரைகளில் படகு முதலில் வருவதும் பயிற்சி கடைசியில் தேடப்படுவதும் நெடுநாள் வழக்கம். கொந்தளிக்கும் கடலில் விசைப்படகு ஓட்டுவதற்கான உயர்நிலைப் பயிற்சி எது, அதை எங்கே பெறுவது என்ற தெரிவு நிர்வாகக் கேள்வி போலத் தோன்றும். யாருடைய அறிவைப் பாடமாக ஏற்பது என்ற கேள்வி அதற்கு அடியில் இருக்கிறது. அதைத் தமிழகக் கரையிலிருந்து தொடங்கிப் பார்ப்பது பொருத்தம்.

சென்னை: துறைமுகமற்ற கரையின் கல்வி

துறைமுகப் பணிகள் 1870களில் தொடங்கும்வரை சென்னைக்கு ஒதுங்குமிடம் இல்லை. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டன. ஆட்களும் சரக்கும் அலை உடையும் பகுதியைக் கடந்தே கரை சேர வேண்டியிருந்தது. ஐரோப்பியக் கப்பல்களின் சொந்தப் படகுகள் அந்த அலையில் நொறுங்கின. தென்னை நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகு நொறுங்கவில்லை. ஆணியற்ற அதன் உடல் அடிபடும்போது நெகிழ்ந்து கொடுத்தது.

ஆனால் படகின் நெகிழ்ச்சி மட்டும் போதுமானதாக இருந்ததில்லை. பின்புறம் நீண்ட துடுப்பைச் சுக்கானாகப் பிடித்து நின்ற தண்டல், அலை உடையும் வரிசைக்கு வெளியே படகை நிறுத்திக் காத்திருப்பார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பின் சற்று ஓயும். அந்த ஓய்வைக் கணித்து, ஓர் அலையை முன்னே போகவிட்டு, அதன் முதுகை ஒட்டியே கரை நோக்கிச் செலுத்துவார். பின்தொடரும் அலை படகைப் பிடிக்கும் முன் கரை தொட வேண்டும். முன்செல்லும் அலையின் முகட்டைத் தாண்டிவிடவும் கூடாது. கட்டுமரங்கள் உடன் சென்று, கவிழ்ந்தவர்களை மீட்டன. அப்படி மீட்ட கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. கடல் மிகச் சீறிய நாட்களில் கரையில் கொடியேற்றிக் கப்பல்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இங்கே பயிற்சியின் மூன்று கூறுகள் ஒருங்கே இருந்தன: அந்தக் கரைக்கே உரிய அலையை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பெற்ற கணிப்பு, தவறு நேர்ந்தால் காக்கும் துணைப்படகு, எந்த நாளில் போகக்கூடாது என்ற தீர்ப்பு. பள்ளி இல்லை, சான்றிதழ் இல்லை. பாடத்திட்டம் மட்டும் முழுமையாக இருந்தது.

இயந்திரம் வந்தபோது விடுபட்டது

1952இல் கையெழுத்தாகி, மறு ஆண்டு கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம் மீன்பிடிப்பை இயந்திரமயமாக்கும் முயற்சிகளுக்கு முன்னோடி. அதே பத்தாண்டில் மும்பைக்கு வடக்கே சாத்பாட்டியிலும், தூத்துக்குடி, கொச்சி முதலிய இடங்களிலும் மீனவர் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. 1961இல் மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும், 1963இல் கொச்சியில் மீன்பிடிக் கலங்களுக்கான பணியாளர்களைப் பயிற்றும் மத்திய நிறுவனமும் அமைந்தன. பின்னதன் கிளை 1968இல் சென்னைக்கு வந்தது.

இந்நிலையங்களின் பங்களிப்பு சிறிதன்று. டீசல் இயந்திரத்தைப் பேணவும், திசைகாட்டியும் கடல் வரைபடமும் பார்க்கவும், இழுவலை இயக்கவும் ஒரு தலைமுறை கற்றது. ஆனால் அலையைக் கடக்கும் கலை இந்தப் பாடங்களுக்கு வெளியிலேயே நின்றது. அதற்குக் காரணம் உண்டு. கனமான இயந்திரப் படகைத் திறந்த கரையில் ஏற்ற முடியாது. கீழே நீட்டிய சுழல்விசிறி மணலில் தட்டும். எனவே விசைப்படகுகள் முகத்துவாரங்களையும் துறைமுகங்களையும் நாடிச் சென்றன. அலையைக் கடப்பதற்குப் பதில், அலை இல்லாத இடத்திற்குப் படகை நகர்த்தியது அக்காலத் தீர்வு. இயந்திரம் அறிந்தவர் துறைமுகத்தில் இருந்தார், அலை அறிந்தவர் கட்டுமரத்தோடு கரையில் இருந்தார். இந்தப் பிரிவினை பின்வந்த பல இடர்களுக்கு வித்திட்டது.

இப்பிரிவை இணைக்க முயன்றவர்களும் இருந்தனர். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையிலேயே ஏறி இறங்கக்கூடிய விசைப்படகுகளை வடிவமைத்தது. நீர்புகாப் பெட்டியில் அமைந்த டீசல் இயந்திரத்தைச் சுழல்விசிறியோடு சேர்த்து மேலே சாய்த்துத் தூக்கும் ஏற்பாடு அதன் சிறப்பு. ஏறத்தாழ அதே காலத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டினார். இரு முயற்சிகளும் ஒரே பாடத்தைத் தந்தன. வரைபலகையில் சரியாகத் தோன்றிய படகு, உள்ளூர் மீனவர் அலையில் ஓட்டிப் பார்த்துக் குறை சொன்ன பிறகே கடலுக்கு உரியதாயிற்று. பயில்பவர் யார், பயிற்றுநர் யார் என்ற வரிசை அங்கே தலைகீழாயிற்று.

வேல்ஸ் கரையில் ஓர் ஒப்புமை

இதே சிக்கலை வேறொரு கரை வேறுவிதமாக அணுகியது. 1962இல் வேல்ஸ் நாட்டில் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரி, ஓத வேறுபாடு மிக அதிகமான பிரிஸ்டல் கால்வாய்க் கரையில் இருந்தது. மாணவர்களின் பாய்மரப் படகுகளுக்குத் துணைபோகும் மீட்புப் படகு அங்கே தேவைப்பட்டது. ரப்பர் படகுகளின் அடிப்பகுதி கல்லிலும் அலையிலும் விரைவில் கிழிந்தது. கல்லூரியின் தலைவர் ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் சேர்ந்து, கெட்டியான அடிப்பாகத்தின் மேல் காற்றடைத்த குழாய்களைப் பொருத்தினர். இன்று உலகெங்கும் கடற்படைகளும் மீட்புப் படைகளும் பயன்படுத்தும் படகு வகை இவ்வாறு பிறந்தது. அதன் காப்புரிமையை ஹோர் ஒரு பவுண்டுக்கு அந்நாட்டு உயிர்காப்புப் படகு அமைப்புக்கு அளித்தார். இங்கே படகும் பயிற்சியும் தனித்தனியே பிறக்கவில்லை. ஓட்டியவர்களே கட்டினார்கள், கட்டியவர்களே மீட்கப் போனார்கள்.

1994 செப்டம்பர் 28இல் பால்டிக் கடலில் எஸ்டோனியா கப்பல் மூழ்கி 852 பேர் மாண்டனர். சீறிய கடலில் சாதாரண உயிர்காப்புப் படகுகளால் மீட்பு கடினம் என்பது அங்கே தெளிவாயிற்று. வாகனங்களை ஏற்றும் பயணிக் கப்பல்களில் விரைவு மீட்புப் படகு கட்டாயமாக்கப்பட்டது. அதை ஓட்டுவோருக்கென 1995இல் திருத்தப்பட்ட பன்னாட்டு மாலுமிப் பயிற்சி உடன்படிக்கை தனிச் சான்றிதழை வகுத்தது. உயிர்காப்புப் படகுச் சான்றிதழ் முன்பே பெற்றிருப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும். கவிழ்ந்த படகை நிமிர்த்துவதும், மோசமான வானிலையில் படகைக் கையாள்வதும் அதன் பாடங்கள். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்த வரிசையிலும் உயர்நிலைப் பயிற்சி இரண்டே நாள்தான். ஆனால் கடலில் ஓட்டிய முன் அனுபவம் உள்ளவருக்கே அது பொருந்தும்.

அத்தகைய பயிற்சி உண்மையில் கற்பிப்பது என்ன? எதிர் அலையில் ஏறும்போது விசை கொடுத்து, முகட்டில் குறைத்து, படகு காற்றில் பாய்ந்து பள்ளத்தில் மோதாமல் காப்பது. அலையைச் சற்றே சாய்வாகச் சந்திப்பது. பின்னலையில் முன்செல்லும் அலையின் முதுகிலேயே நின்று, முகட்டைத் தாண்டிப் பள்ளத்தில் பாய்ந்து பக்கவாட்டில் திரும்பிக் கவிழாமல் இருப்பது. ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை உடலோடு பிணைப்பது. கடைசியாக, எப்போது புறப்படக்கூடாது என்று அறிவது. கயிற்றையும் த்ராட்டிலையும் நீக்கிவிட்டால் மீதமிருப்பது சென்னைத் தண்டலின் பாடமே. பாடப்புத்தகம் புதிது, அறிவு பழையது.

மும்பையில் இதன் பொருள்

மும்பைக் கடலின் இயல்பு தனி. பெரும் ஓத நாட்களில் நீர் ஏறக்குறைய ஐந்து மீட்டர் ஏறி இறங்கும். வற்றும் நீர் வெளியே பாய, தென்மேற்குப் பருவக்காற்றின் அலை எதிரே வர, ஆழமற்ற இடங்களில் அலை செங்குத்தாக எழும். 1947 ஜூலை 17இல் பாவுச்சா தக்காவிலிருந்து ரேவாசுக்குப் புறப்பட்ட ராம்தாஸ் பயணிக் கப்பல் அத்தகைய பருவத்தில் கவிழ்ந்து 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி நகருக்கு எட்டப் பல மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கடலில் பலரைத் தூக்கிக் காத்தவர்கள் ரேவாசிலிருந்து மீனோடு வந்த கோலி மீனவர்கள். சென்னையின் கட்டுமரக்காரர் செய்த பணியையே அவர்களும் செய்தனர். அவர்களுடைய கடலறிவு எந்த அரசுப் பாடத்திட்டத்திலும் இல்லை.

1993 குண்டுவெடிப்புக்குப் பின் கூட்டுக் கடற்காவல், 1994இல் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 2005இல் நாடு தழுவிய திட்டம், 2018இல் ஓகாவில் தேசியக் கடலோரக் காவல் பயிற்சிக் கழகம் என அமைப்புகள் வளர்ந்தன. தரையில் பணியாற்றிய காவலர்களுக்குக் கடலோரக் காவல்படை குறுகிய காலப் பயிற்சிகளை அளித்தது. ஓகா கழகம் அக்குறையை நிறைவு செய்யும் முக்கியமான அடி. எனினும் கட்ச் வளைகுடாவின் வாயிலில் கற்றது தானே கழிமுகத்துக்கோ முட்டம் கரைக்கோ அப்படியே பொருந்தாது. மும்பையில் ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடை. மழைக்காலத்தில் மாண்ட்வா செல்லும் சிறு பயணப் படகுகளும் நிற்கின்றன. இது அறிவார்ந்த விலகல். ஆனால் மீட்புப் படகுக்கு அந்த விலக்கு இல்லை. பயிற்சி மட்டும் அமைதியான மாதங்களில் நடந்தால், சான்றிதழில் உள்ள ‘உயர்நிலை’ என்ற சொல் பொருளிழக்கும்.

ஆகவே வரலாறு தரும் அளவுகோல்கள் எளியவை. பயிற்சிக்கு முன் எத்தனை மணி நேரக் கடல் அனுபவம் கேட்கப்படுகிறது? பயிற்சி நடக்கும் நீர், பணியாற்றப் போகும் நீரை ஒத்ததா? பயிலும்போது துணைப்படகு உண்டா? பயிற்றுநர் வரிசையில் அக்கரையின் மீனவர் இருக்கிறாரா? புறப்பட மறுக்கும் உரிமை பயின்றவருக்குப் பின்னர் அளிக்கப்படுகிறதா? கடைசிக் கேள்விகள் இரண்டும் கட்டண அட்டவணையில் வருவதில்லை. சுனாபட்டியிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள மாகுல், ட்ராம்பே கோலிவாடாக்களில் கழியின் ஓதத்தையும் சேற்றுத் திட்டுகளையும் மனப்பாடமாக அறிந்த முதியோர் இன்றும் உள்ளனர். அவர்களுடைய அறிவைப் பதிவு செய்து பாடமாக்குவது மானிடவியல் ஆர்வம் மட்டுமன்று. அடுத்த ராம்தாசின்போது கரையிலிருந்து புறப்படும் படகு திரும்பி வருமா என்பது அதைப் பொறுத்தது.