சிற்றன்னையும் உதிரிப்பூக்களும்

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வாசித்துவிட்டு ‘உதிரிப்பூக்கள்’ (1979) பார்ப்பவர்கள் திகைப்பதுண்டு. குறுநாவலின் தலைப்பே சிற்றன்னைதான். மகேந்திரனின் படமோ தந்தை சுந்தரவடிவேலுவைச் சுற்றியே நகர்கிறது. ஊரார் அவனை ஆற்றில் இறங்கச் செய்யும் முடிவும் மகேந்திரனுடையதே.

இதை மூலத்துக்கு இழைத்த துரோகம் என்போரோடு நமக்கு உடன்பாடில்லை. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1977) படத்துக்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். நாவலுக்கு நேர்மையான படம், லட்சுமியின் நடிப்பும் அபாரம். ஆயினும் நாம் அங்கே பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். மகேந்திரன் கதையை விட்டுவிட்டு அதன் துயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அசோக்குமாரின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் வசனத்தின் சுமையைப் பெருமளவு இறக்கிவைத்தன.

புதுமைப்பித்தனுக்கும் சினிமாவுக்கும் இருந்த கணக்கு கசப்பானது. ‘ராஜமுக்தி’ படவேலைக்காகப் புனே சென்றவர் காசநோயோடு திரும்பி 1948இல் மறைந்தார். அன்றைய திரையுலகம் அவரிடம் கேட்டது வசனம், கதையல்ல. அவர் எழுத்திலிருந்து இப்படியொரு படம் பிறக்க 31 ஆண்டுகள் ஆயின. அதில் கரையில் தனித்து நிற்கும் அந்த இரு குழந்தைகள் புதுமைப்பித்தனின் பிள்ளைகள் அல்லவென்று யார் சொல்ல முடியும்?